நிறமும் குரலும்: கல்கி கோச்லினின் நடிப்புப் பயணமும் தமிழ்த் திரையில் அயலவர் சித்திரிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

புதுச்சேரியில் பிறந்து தமிழ் நிலத்தில் வளர்ந்த பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற நடிகை கல்கி கோச்லின், தம் திரைவாழ்வை இந்தியில் அமைத்துக்கொண்டவர். தமிழ் அவருக்கு இளமையிலேயே வாய்த்த மொழி. இந்தி வளர்ந்த பின் திரைக்காகப் பழகிய மொழி. எனினும் இந்தித் திரை அவருக்கு 2009 முதல் பாத்திரங்களை அளித்தது. தமிழ்த் திரையில் அவர் முகம் தோன்ற 2019 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இம்முரணின் காரணங்களைத் திருவண்ணாமலை–புதுச்சேரி நிலப்பகுதியின் சமூக நடப்போடும், தமிழ் இலக்கிய மரபு அயலவரின் பேச்சை அணுகிய முறைகளோடும் ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ்த் திரை வெண்ணிறத்தை விரும்பி ஏற்றாலும், அந்நிறத்தோடு சேர்ந்து வரும் தமிழ்க் குரலுக்கு இடம் வகுக்கவில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச் சொற்கள்: கல்கி கோச்லின், தமிழ்த் திரை, அயலவர், பின்னணிக் குரல், நிலமொழி, திருவண்ணாமலை

முன்னுரை

ஒரு நடிகையின் திரைவாழ்வை மதிப்பிடுவோர் அவர் ஏற்ற பாத்திரங்களையும் பெற்ற விருதுகளையும் கணக்கில் கொள்வது இயல்பு. அவருக்கு அளிக்கப்படாத பாத்திரங்களும் மதிப்பீட்டிற்கு உரியனவே. ஒரு மொழியின் திரைத்துறை யாரை அழைக்கிறது, யாரைக் கண்டும் கடந்து செல்கிறது என்பதில் அத்துறையின் அழகியலும் சமூகப் பார்வையும் ஒருங்கே வெளிப்படுகின்றன. கல்கி கோச்லினின் திரைவாழ்வு இவ்வகை ஆய்வுக்குப் பொருத்தமான சான்றாகும். பிரெஞ்சு ஒலிப்பில் ‘கெக்லன்’ என்பதற்கு நெருக்கமான அவருடைய குடும்பப் பெயர் தமிழில் எழுத்துக்கூட்டலை ஒட்டிக் ‘கோச்லின்’ என வழங்குகிறது. இக்கட்டுரையும் அவ்வழக்கையே பின்பற்றுகிறது.

கல்கி 1984 ஜனவரி 10 அன்று புதுச்சேரியில் பிரெஞ்சுப் பெற்றோருக்குப் பிறந்தார். ஈபிள் கோபுரத்தின் கட்டமைப்பை வடிவமைத்த பொறியாளர்களுள் ஒருவரான மொரீஸ் கோச்லின் இவருடைய முப்பாட்டனார். கல்கியின் தொடக்க இளமை ஆரோவில்லிலும், பின்னர் உதகையை அடுத்த கல்லட்டியிலும் கழிந்தது. பள்ளிக் கல்வியை உதகை ஹெப்ரான் பள்ளியிலும், நாடகக் கல்வியை இலண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியிலும் பெற்றார். ஆங்கிலம், தமிழ், பிரெஞ்சு ஆகிய மூன்றும் புழங்கிய சூழலில் வளர்ந்தவர் அவர். திருமாலின் பத்தாம் அவதாரத்தின் பெயரைப் பெற்றோர் அவருக்குச் சூட்டினர். அதே பெயரைப் புனைபெயராகக் கொண்ட ரா. கிருஷ்ணமூர்த்தியின் எழுத்தோடு வளர்ந்த தமிழ் வாசகருக்கு அப்பெயர் வீட்டுப் பெயராகவே ஒலிக்கும்.

திருவண்ணாமலை–புதுச்சேரி: குடியிருக்கும் அயலவர்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி வரையுள்ள ஏறத்தாழ 100 கி.மீ. நீள நிலப்பகுதி, தமிழரும் ஐரோப்பியரும் நெடுங்காலம் எதிர்ப்பட்ட வழித்தடமாகும். அவ்வழியிலுள்ள செஞ்சிக் கோட்டை 1750ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1761இல் அவர்கள் கையை விட்டு நீங்கியது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் 1954 நவம்பர் 1 அன்றும், சட்டப்படி 1962 ஆகஸ்டு 16 அன்றும் முடிவுற்றது. இவ்வழித்தடத்தின் கீழ்த்திசையில் 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பெற்றது.

வழித்தடத்தின் மேற்கு முனையாகிய திருவண்ணாமலை ஆட்சியாலன்றி ஆன்மிக நாட்டத்தால் அயலவரை ஈர்த்த ஊர். இரமணர் 1896 செப்டம்பர் 1 அன்று அங்கு வந்து சேர்ந்தார். 1950இல் மறையும் வரை அம்மலையை விட்டு நீங்கவில்லை. 1934இல் வெளிவந்த பால் பிரண்டனின் நூல் ஆங்கிலம் அறிந்த உலகிற்கு அவரை அறிமுகம் செய்தது. பிரெஞ்சுத் துறவி ஆன்ரி லெ சோ 1949இல் இரமணரைக் கண்டார். அடுத்துவந்த ஆண்டுகளில் அம்மலைக் குகைகளில் தங்கித் தவமிருந்தார். ஆர்தர் ஆஸ்போர்ன் அவ்வூரிலேயே குடியேறி, 1964 முதல் ஆசிரமத்தின் ஆங்கில இதழை நடத்தினார்.

இன்று இரமண நகரிலும் கிரிவலப் பாதையை ஒட்டிய ஊர்களிலும் ஐரோப்பியரும் அமெரிக்கரும் வாடகை வீடுகளில் பல்லாண்டுகளாக வாழ்கின்றனர். காய்கறிக் கடையில் தமிழில் விலை கேட்டு வாங்கும் வெள்ளைப் பெண்மணியை அவ்வூரார் வியந்து பார்ப்பதில்லை. அவர் யாருடைய வாடகைதாரர், எத்தனை ஆண்டாக இருக்கிறார், தமிழ் எவ்வளவு தெரியும் என்பனவே அவரைக் குறித்த பேச்சாக அமையும். பயணியாக வந்து போவோருக்கும் தங்கி வாழ்வோருக்கும் இடையிலான வேறுபாட்டை அவ்வூர்ச் சமூகம் அறிந்தே புழங்குகிறது. நில விலை உயர்வு, வாடகை ஏற்றம் போன்றவற்றால் எழும் மனக்கசப்புகளும் இவ்வுறவில் உண்டு. ஆயினும் அவை அக்கம்பக்கத்தாருக்கிடையே எழும் கசப்புகள். ‘குடியிருக்கும் அயலவர்’ என்னும் மனிதவகையை ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதையே அவையும் காட்டுகின்றன.

தமிழ்த் திரையில் இம்மனிதவகை அரிதினும் அரிது. கல்கி கோச்லின் இந்நிலப்பகுதியின் சமூக நடப்பிலிருந்து உருவானவர். ஆகவே அவரைத் தமிழ்த் திரை எதிர்கொண்ட முறையை ஆராய்வது, அண்டை அயலில் காணும் வாழ்வைத் திரை எந்த அளவு உள்வாங்கியுள்ளது என்பதை ஆராய்வதுமாகும்.

இலக்கிய மரபில் அயலவரின் நா

பழந்தமிழ் இலக்கியம் அயலவரை இருவேறு நிலைகளில் வைத்துக் காட்டுகிறது. முல்லைப்பாட்டின் பாசறைப் பகுதியில் அரசனின் உள்ளறையைக் காக்கும் மிலேச்சர், நாவால் பேசாமல் உடற்குறிப்பால் கருத்தறிவிப்போராக வருகின்றனர். அரசனுக்கு மிக அணுக்கமான இடத்தில் அவர்கள் நிற்கின்றனர்; ஆயினும் அவர்களுக்குப் பேச்சில்லை. அவர்களின் மொழி எவருக்கும் புரியாதென்பதே அக்காவலுக்கு அவர்களைத் தகுதியுடையோராக்கியது எனவும் கருத இடமுண்டு. இதனை ‘நாவற்ற அயலவர்’ என்னும் முதல் நிலையாகக் கொள்ளலாம்.

இரண்டாம் நிலை பிற்காலத்தது. இத்தாலியரான வீரமாமுனிவர் தேம்பாவணியையும் சதுரகராதியையும் இயற்றித் தமிழ்ப் புலவர் வரிசையில் இடம்பெற்றார். ஜி. யு. போப் 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தார். திருவண்ணாமலையில் அருளப்பெற்றதாக மரபு கூறும் திருவெம்பாவையும் அதனுள் அடங்கும். 1955இல் புதுச்சேரியில் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வெளியீடாக பிரான்சுவா குரோவின் பரிபாடல் மொழிபெயர்ப்பு 1968இல் வந்தது. இவர்களை மதிப்பிடுங்கால் தமிழுலகம் இவர்களுடைய நிறத்தைப் பொருட்படுத்தவில்லை. இவர்களின் தமிழையே அளவுகோலாகக் கொண்டது. இது ‘நாவுடைய அயலவர்’ என்னும் நிலை.

வீரமாமுனிவரும் போப்பும் தமிழைக் கற்று அடைந்தோர். கல்கியோ தமிழ் வழங்கும் நிலத்தில் வளர்ந்ததால் அதனைப் பெற்றவர். தாய்வழி வாராது நிலத்தின்வழி வரும் இத்தகைய மொழியைக் குறிக்க ‘நிலமொழி’ என்னும் சொல்லாட்சி பொருந்தும். ஒழுக்கத்தை நிலத்தோடு பிணைத்துக் கண்ட திணைக்கோட்பாடு உடைய ஒரு மரபுக்கு, மொழியையும் நிலத்தோடு பிணைத்துக் காண்பது புதியதன்று.

தமிழ்த் திரையின் வெள்ளையர்

தமிழ்ப் பேசும்படத்தின் தொடக்க காலத்திலேயே ஓர் அமெரிக்கர் அதன் இயக்குநராகச் சிறந்து விளங்கினார். எல்லிஸ் ஆர். டங்கன் தமிழ் அறியாதவராக இருந்தும் சதிலீலாவதி (1936), மீரா (1945), மந்திரி குமாரி (1950) முதலிய படங்களை இயக்கினார். படக்கருவிக்குப் பின்னே வெள்ளையரை ஏற்பதில் தமிழ்த் திரைக்குத் தயக்கமிருந்ததில்லை. படக்கருவிக்கு முன்னே அவரை எவ்வாறு நிறுத்துவது என்பதில்தான் வாய்பாடுகள் உருவாயின.

முதல் வாய்பாடு, ஆட்சியாளராகிய வெள்ளையர். பி. ஆர். பந்துலுவின் வீரபாண்டிய கட்டபொம்மன் (1959) படத்தில் ஜாக்சன் துரையாகத் தோன்றியவர் சி. ஆர். பார்த்திபன் என்னும் தமிழ் நடிகர். இங்கு வெள்ளை நிறம் ஒப்பனையாயிற்று; நா தமிழருடையதாயிற்று. வரி கேட்கும் துரையின் தமிழ் அயலொலிப்புடன் அமைய வேண்டும் என்பதும் இவ்வாய்பாட்டின் பகுதி. பிற்காலத்தில் நகைச்சுவைக் காட்சிகளிலும் இந்த ஒலிப்பு தொடர்ந்தது.

இரண்டாம் வாய்பாடு, காதலியாகிய வெள்ளைப் பெண். ஏ. எல். விஜய் இயக்கிய மதராசபட்டினம் (2010) ஆங்கிலேய ஆளுநர் மகளுக்கும் சலவைத் தொழிலாளிக்கும் இடையிலான காதலை விடுதலைக் காலப் பின்னணியில் சொல்கிறது. அதில் அறிமுகமான எமி ஜாக்சன் இங்கிலாந்து நாட்டவர். காதலர் இருவருக்கும் பொதுமொழி இல்லாமையைப் படம் மறைக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் பாத்திரம் ஒன்றைப் படைத்து, அவ்வில்லாமையையே சுவையாக்கியது. அவ்வகையில் அப்படம் நேர்மையானது. அதன் பின்னர் நிகழ்ந்ததே ஆய்வுக்குரியது. ஐ (2015), தங்கமகன் (2015), தெறி (2016) ஆகிய படங்களில் அவர் இந்தியப் பெண்ணாகவே நடித்தார். ஐ படத்தில் அவருடைய வாயசைவுக்கு வேறொரு பெண்ணின் குரல் பொருத்தப்பட்டது. ஆளுநர் மகளாக வந்தபோது அவருக்கு நாட்டு அடையாளமும் சொந்த மொழியும் இருந்தன. நாயகியாக நிலைபெற்றபோது இரண்டும் நீங்கி, நிறம் மட்டும் எஞ்சியது. சிவகார்த்திகேயன் நடித்த பிரின்ஸ் (2022) மீண்டும் ஆங்கிலேயப் பெண்ணைக் காதலியாக்கியது. அப்பாத்திரத்தை ஏற்றவர் உக்ரைன் நாட்டு நடிகை மரியா. வெள்ளையர் என்பது ஒருவரோடு ஒருவரை மாற்றி வைக்கத்தக்க பொதுவகையாகக் கருதப்படுவதற்கு இத்தேர்வு சான்றாகிறது.

இவ்வாய்பாடுகளுக்கு அடித்தளமாக அமைந்தது பின்னணிக் குரல் மரபு. வடநாட்டிலிருந்து வந்த நாயகியருக்குத் தமிழ் தெரிந்த கலைஞர் குரல் தருவது 1990களில் தொழில்வழக்காக வேரூன்றியது. சிம்ரன், ஜோதிகா ஆகியோரின் பல பாத்திரங்களுக்குக் குரல் தந்தவர் சவிதா. அப்பாத்திரங்களின் வெற்றியில் அவருடைய பங்கு பெரிது. ஆனால் சுவரொட்டியில் குரலுக்கு முகமில்லை. நாயகியின் உடலையும் பேச்சையும் இருவரிடம் பகிர்ந்து பெறும் இம்முறையில், முல்லைப்பாட்டின் காவலர் நிலை புதுவடிவம் கொள்கிறது: அவையில் அணுக்கமான இடம் உண்டு, நா இல்லை. தமிழ் பேசத் தெரிந்த வெள்ளை நிற நடிகை ஒருவர் இம்முறைக்குப் பொருந்தாதவராகிறார். அவருடைய நிறத்தை மட்டும் பெற்றுக் குரலை விலக்கினால் அவரைத் தேர்ந்ததற்குப் பொருளில்லை. குரலையும் ஏற்றால், அவர் யார், எந்த ஊரார் என்ற கேள்விக்குக் கதை விடைசொல்ல வேண்டும்.

கற்ற மொழியில் அமைந்த வாழ்வு

கல்கியின் முதற்படமான தேவ்.டி (2009) அக்கேள்வியைத் தயங்காது எதிர்கொண்டது. சரத் சந்திரரின் தேவதாசைத் தற்காலத் தில்லிக்கும் பஞ்சாபுக்கும் கொண்டுவந்த அனுராக் காஷ்யப், சந்திரமுகி பாத்திரத்தைக் கலப்புப் பின்னணியுடைய பள்ளி மாணவி லெனியாக மாற்றினார். அந்தரங்கக் காட்சிப்பதிவு பரவியதால் குடும்பத்தை இழக்கும் அப்பெண், பாலியல் தொழிலுக்கு வந்தபின் தேவதாஸ் படத்தைப் பார்த்துச் சந்தா என்னும் பெயரைச் சூடிக்கொள்கிறாள். அயலவளாகிய தனக்கு இந்தியத் திரை மரபிலிருந்தே பெயரெடுத்துக்கொள்ளும் இச்செயல், அந்நடிகையின் வருங்காலத்திற்கும் பொருந்தும் குறியீடாயிற்று. அப்போது இந்தியில் போதிய பயிற்சி இல்லாத கல்கி, படத்திற்காக அம்மொழியைப் பழகினார். சிறந்த துணைநடிகைக்கான பிலிம்பேர் விருது அவருக்குக் கிடைத்தது.

தாமும் இணைந்து திரைக்கதை எழுதிய தட் கேர்ள் இன் யெல்லோ பூட்ஸ், 2010இல் பன்னாட்டு விழாக்களிலும் 2011இல் இந்தியத் திரையரங்குகளிலும் வெளிவந்தது. தன் இந்தியத் தந்தையைத் தேடி மும்பைக்கு வந்த ரூத், விசா நீட்டிப்புக்காக அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்தில் அலைகிறாள். அலுவலர்களின் வினாக்களும் மசாஜ் நிலைய வாடிக்கையாளர்களின் பார்வையும் ஒரே இழையாக அப்படத்தில் பின்னப்பட்டுள்ளன. வெண்ணிறம் இந்தியத் தெருவில் மதிப்பையும் இழிபார்வையையும் ஒருசேரப் பெறுகிறது என்பதை அப்படம் அலங்காரமின்றிக் காட்டியது. இப்பாத்திரம் எழுத்தாளர் என்னும் நிலையில் அவருடைய ஆற்றலையும் காட்டுகிறது. பிரசாந்த் பிரகாஷுடன் அவர் எழுதிய ஸ்கெலிட்டன் வுமன் நாடகம் 2009இல் தி இந்து மெட்ரோபிளஸ் நாடகாசிரியர் விருதைப் பெற்றது. தமக்குப் பொருத்தமான பாத்திரங்கள் பிறரால் எழுதப்படாத நிலையில் நடிகை தாமே எழுதத் தொடங்குவது கருதத்தக்கது.

ஜிந்தகி ந மிலேகி தோபாரா (2011), ஷாங்காய் (2012), யே ஜவானி ஹை தீவானி (2013) ஆகியவற்றில் வணிகத் திரையும் அவரை உள்வாங்கியது. மூன்றாவது படத்தில் அவர் அதிதி என்னும் நண்பர். அவருடைய நிறத்திற்குக் கதையில் விளக்கம் தரப்படவில்லை. தேவ்.டியில் விளக்கத்தோடு தொடங்கிய பயணம் நான்கே ஆண்டுகளில் விளக்கம் வேண்டாத இடத்தை எட்டியது. இந்தித் திரை நிறவெறி அற்றது என்பது இதன் பொருளாகாது. வெண்ணிறத்தை மேட்டுக்குடி நகர்ப்புறத்தோடு எளிதில் இணைக்கும் வழக்கம் அங்கு வலிது. கல்லி பாய் (2019) படத்தில் வெளிநாட்டில் இசை பயிலும் வசதிபடைத்த பெண்ணாக அவர் வருவதும் அவ்வழக்கின்பாற்பட்டதே.

அவருடைய நடிப்பின் உச்சம் ஷோனாலி போஸின் மார்கரீட்டா வித் எ ஸ்ட்ரா (2014). மூளை முடக்குவாதம் உடைய லைலா என்னும் இளம்பெண்ணின் கல்வி, காதல், பாலியல் விழைவு, தாயின் மரணம் ஆகியவற்றை அப்படம் தொடர்கிறது. லைலாவின் பேச்சு குழறலுடையது. கேட்போர் பொறுமை கொண்டால்தான் பொருள் விளங்கும். கல்கி அக்குழறலை இரக்கம் வேண்டும் கருவியாக்கவில்லை. சொல் வெளிவரும் முன்னரே எண்ணம் கண்ணில் வந்துவிடுவதும், சொல் தாமதிப்பதில் தோன்றும் எரிச்சலும், கேட்போர் தவறாகப் புரிந்துகொண்டதை அறிந்தும் விட்டுவிடும் களைப்பும் அவர் நடிப்பில் தனித்தனியே புலப்படுகின்றன. உள்ளத்து நிகழ்வு உடலில் தோன்றுவதை மெய்ப்பாடு என வகுத்த தொல்காப்பிய மரபினர் எளிதில் இனங்காணும் நடிப்பு இது. மாற்றுத்திறனாளி அல்லாதவர் அப்பாத்திரத்தை ஏற்கலாமா என்னும் வினா இன்னும் வலுவுடன் எழுப்பத்தக்கது. அவ்வினா நடிப்பின் நுட்பத்தைக் குறைப்பதில்லை, அதுபோல் அந்நுட்பம் வினாவைத் தீர்ப்பதுமில்லை. 63ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில் இப்பாத்திரத்திற்காகக் கல்கிக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது வழங்கப்பட்டது.

இப்படத்தில் லைலாவின் தாயாக நடித்தவர் ரேவதி. மண்வாசனை முதலாகத் தமிழ் மக்கள் அறிந்த நடிகையும், புதுச்சேரியில் பிறந்து தமிழ் கேட்டு வளர்ந்த நடிகையும் இந்திப் படமொன்றில் தாயும் மகளுமாக அமைந்தனர். மகளைத் தாய் குளிப்பாட்டும் நெருக்கத்திலும், இருவருக்கும் இடையே எழும் பிணக்கிலும் நிற வேறுபாடு பார்வையாளருக்கு இடையூறாவதில்லை. தமிழ்த் திரையில் ஒரு தமிழ்த் தாய்க்குக் கல்கியை மகளாக்குவது இயலாதென்று கருதுவோர்க்கு இக்காட்சிகளே மறுமொழியாகும்.

தமிழ்த் திரைக்கு வருகை

கல்கியின் முதல் தமிழ்த் திரைத்தோற்றம் எச். வினோத்தின் நேர்கொண்ட பார்வை (2019) படத்தில் நிகழ்ந்தது. அது ஒரு பாடல் காட்சி. மேடையில் பாடுபவராக அவர் தோன்றுகிறார். பாட்டின் குரல் பிறருடையது. பெண்ணின் சொல்லுக்கு மதிப்பளிக்க வேண்டும் என்பதே அப்படத்தின் மையக் கருத்து. அத்தகைய படத்திலேயே, தமிழ் பேச வல்ல நடிகை தம் சொந்தச் சொல் ஒன்றும் இன்றி அறிமுகமானது கவனத்திற்குரிய முரண்.

முழுப் பாத்திரம் 2020 டிசம்பர் 18 அன்று நெட்பிளிக்ஸில் வெளியான பாவக் கதைகள் தொகுப்பில் கிடைத்தது. நான்கு குறும்படங்கள் கொண்ட அத்தொகுப்பில் விக்னேஷ் சிவன் இயக்கிய ‘லவ் பண்ணா உட்ரணும்’ ஆணவக் கொலையை இருண்ட நகைச்சுவையாகக் கையாள்கிறது. அஞ்சலி இரட்டைச் சகோதரியராக நடிக்க, அவர்களுள் ஒருத்தியுடன் ஊருக்கு வரும் பெனலோப்பியாகக் கல்கி தோன்றுகிறார். இருவரும் காதலர் என்னும் செய்தி, சாதிப் பெருமையில் ஊறிய தந்தையின் உலகைக் குலைக்கிறது. பெனலோப்பியின் பணி இங்கு ஊரின் கொடுமையைக் காணும் வெளியாளின் பணி. அவளுக்கெனத் தனி வரலாறு அமையவில்லை. அஞ்சலியின் பாத்திரங்களுக்குத் தந்தை, சாதி, ஊர், அச்சம் எல்லாம் உண்டு. பெனலோப்பிக்கு நட்பும் நிறமும் மட்டுமே உண்டு. கொலையும் கேலியும் அடுத்தடுத்து வரும் அக்கதையில், தம் முகபாவங்களால் திகைப்பைத் தாங்கிப் பிடிப்பதற்கு மேல் அவருக்கு வாய்ப்பில்லை.

விஷ்ணுவர்தன் இயக்கிய நேசிப்பாயா (2025) படத்தில் கல்கி இந்திராணி என்னும் வழக்குரைஞராக வருகிறார். பெயர் இந்தியப் பெயர். தொழில் பேச்சையே கருவியாகக் கொண்டது. இஃது ஒரு முன்னேற்றமே. ஆனால் கதையின் பெரும்பகுதி நிகழும் நிலம் போர்ச்சுகல். பாவக் கதைகளையும் நேசிப்பாயாவையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். களம் தமிழ் ஊராக இருக்கையில் அவருக்கு அயற்பெயர். பெயர் நம்முடையதாக இருக்கையில் களம் அயல்நாடு. நம் பெயரோடு நம் ஊரில் வாழும் வெண்ணிறப் பெண் என்னும் பாத்திரம், கல்கியின் தமிழ்ப் படங்களில் இன்றளவும் அமையவில்லை. நிலமொழி பேசும் ஒருவரை அவருடைய நிலத்தில் நிறுத்தத் திரைக்கதை தயங்குகிறது.

ஒப்பீட்டிற்குப் பிரான்ஸ் நாட்டுப் படமொன்றைக் கொள்ளலாம். ழாக் ஓதியார் இயக்கிய தீபன், 2015ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்றது. எழுத்தாளர் ஷோபாசக்தியும் சென்னை நாடக நடிகை காளீஸ்வரி சீனிவாசனும் ஈழ அகதிகளாக அதில் நடித்தனர். பாரிஸின் புறநகர் ஒன்றில் நிகழும் அப்படத்தின் உரையாடலில் பெரும்பகுதி தமிழ். பிரெஞ்சு வாழ்வில் தமிழர் இடம்பெற்றுவிட்டனர் என்பதை ஒரு பிரெஞ்சுப் படம் தமிழ்க் குரலிலேயே ஒப்புக்கொண்டது. அதன் வன்முறைமிக்க இறுதிப்பகுதி குறித்துக் கருத்து வேறுபாடு இருக்கலாம். எனினும் குரலை நீக்கி முகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழியை அப்படம் தேரவில்லை.

ஒரு மறுப்பும் விடையும்

இவ்வாதத்திற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. தமிழ்த் திரையில் கரிய நிறமுடைய தமிழ்ப் பெண்கள் நாயகியராவதே அரிதாயிருக்க, வெண்ணிற நடிகை ஒருவருக்கு வாய்ப்பில்லை என்பது குறையாகுமா? அவருக்கு மும்பையும் மேடையும் பன்னாட்டு விழாக்களும் திறந்திருந்தன. தமிழ் மேடைகளில் பயின்ற கருநிற நடிகைக்கு அவ்வாயில்கள் எளிதில் திறப்பதில்லை. நிறத்தால் வரும் சலுகை கல்கிக்கு உண்டென்பதில் ஐயமில்லை. மெய்ட் இன் ஹெவன் (2019) போன்ற தொடர்களில் செல்வர் வீட்டுப் பெண்ணாக அவர் இயல்பாகப் பொருத்தப்படுவதிலும் அச்சலுகையின் சாயல் உண்டு.

மறுப்பின் உண்மையை ஏற்றே விடை காணவேண்டும். கரிய நிறத் தமிழ் நடிகை ஒதுக்கப்படுவதும், தமிழ் பேசும் வெண்ணிற நடிகைக்கு ஊர் மறுக்கப்படுவதும் ஒரே மரபின் இரு விளைவுகள். முன்னவரிடம் குரல் உண்டு. துறை வேண்டும் நிறம் இல்லை என விலக்கப்படுகிறார். பின்னவரிடம் நிறம் உண்டு. அந்நிறம் ஊமையாக இருத்தல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்பை அவருடைய தமிழ் குலைக்கிறது. இருவரிடத்தும் பேச்சு மதிப்பிழக்கிறது. இழப்பின் அளவு சமமன்று. முன்னவர் இழப்பது வாழ்வாதாரம், பின்னவர் இழப்பது வளர்ந்த மண்ணின் திரையில் ஓர் இடம். ஆயினும் நடிகையின் சொந்தக் குரலைப் பாத்திரத் தேர்வின் முதல் அளவுகோலாகக் கொள்ளும் ஒரு திரைத்துறையில் இருவருக்கும் இடம் கிடைக்கும். அவ்விடம் கருநிற நடிகைக்கே பெரும்பயன் தரும் என்பதால், கல்கியின் பொருட்டு எழும் இவ்வாதம் வெண்ணிறத்திற்கான பரிந்துரையாக முடிவதில்லை.

முடிவுரை

கல்கி கோச்லினின் திரைவாழ்வு, வளர்ந்த பின் பழகிய மொழியில் செழித்து, இளமையில் கேட்ட மொழியில் தாமதமாகவும் குறுகலாகவும் அமைந்த வாழ்வு. அவரைச் சந்தாவாக, ரூத்தாக, லைலாவாக எண்ணிப் பார்க்க இந்தித் திரையின் எழுத்தாளர்க்கு இயன்றது. அவருடைய நிறத்தைச் சில படங்களில் கதைப்பொருளாக்கியும், சில படங்களில் பொருட்படுத்தாது விட்டும் அவர்கள் முன்சென்றனர். தமிழ்த் திரை அவரைப் பாடகியாகவும் விருந்தாளியாகவும் அயல்நாட்டு வழக்குரைஞராகவும் கண்டது; அண்டை வீட்டாராகக் காணவில்லை.

மிலேச்சரை நாவற்றவராகக் கண்ட தமிழ், வீரமாமுனிவரின் நாவைத் தன்னுடையதாக ஏற்கும் அளவுக்கு விரிந்த மொழி. இலக்கியம் கடந்துவந்த அத்தொலைவைத் திரை இன்னும் கடக்கவில்லை. அதற்கு வேண்டிய மனிதர் கற்பனையில் தேடப்பட வேண்டியவர் அல்லர். கிரிவலப் பாதையின் 14 கி.மீ. சுற்றில் வாடகை பேசியும், கடன் சொல்லியும், பக்கத்து வீட்டாரோடு பிணங்கியும் அவர்கள் தமிழில் வாழ்ந்துகொண்டிருக்கின்றனர். அவர்களுள் ஒருவரைப் பெயரோடும் ஊரோடும் குற்றங்குறைகளோடும் எழுதும் திரைக்கதையாசிரியருக்கு, அப்பாத்திரத்தைத் தம் குரலிலேயே பேசவல்ல நடிகை ஒருவர் இருக்கிறார்.